ஈரம் இருந்தும் கத்தரிச் செடி வாடுகிறது, யாராவது சொல்லுங்களேன்

மாடியில் க்ரோ பேக்கில் கத்தரி வைத்திருக்கிறேன். உச்சி வெயிலில் இலை தொங்கி சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் நான் கண்டுகொள்வதில்லை, வேர் உறிஞ்சுவதைவிட இலைத்துளை வழியாக ஆவியாவது அதிகம், அவ்வளவுதான். செடி குடிக்கிற தண்ணீரில் 95 சதவீதத்துக்கு மேல் அப்படித்தானே போகிறது. ஆனால் ஒரு செடி மட்டும் விடிகாலையிலும் துவண்டே நிற்கிறது, அதுவும் இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே. மண்ணில் விரலை விட்டால் நல்ல ஈரம், அடித்துளையில் தண்ணீரும் வடிகிறது, அதனால் வேர் மூச்சுமுட்டி அழுகியிருக்கும் என்று தோன்றவில்லை.

அப்புறம் அடிக்கிளை ஒன்றை வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி வெள்ளையாக, நூல் நூலாக இறங்கியது. பாக்டீரியா வாடல் நோய் வந்தால் தண்டிலுள்ள சைலக் குழாய்களைக் கிருமி அடைத்துக்கொள்ளும், தண்ணீர் மேலே ஏறாது என்பார்களே, இது அதுதானா?

அதுதான் என்றால் செடியைப் பிடுங்கிவிடுகிறேன், சரி. அந்த மண்ணை என்ன செய்வது? வெயிலில் காயவைத்தால் போதுமா, மொத்தமாகக் கொட்டிவிட வேண்டுமா? பக்கத்துப் பைகளில் தக்காளியும் மிளகாயும் இருக்கின்றன, இரண்டுமே கத்தரி குடும்பம், வடிகிற தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது, பயமாக இருக்கிறது. சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி இதைத் தாங்கும் என்கிறார்கள், மாடியில் வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தயவுசெய்து வெறும் மருந்துப் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.