சீமைக் கருவேலத்துல பன்னியச் சுட்டா கசக்குமா, கசக்காதா?

கங்குமாஸ்டர் | இரவு 8:12
நேத்து ஹூஸ்டன் மாப்ள இங்க எழுதுனத வாசிச்சதுல இருந்து மனசு ஆறல. சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்புல, கூடப் படிச்ச செட்டு 150 பேருக்கு முழுப் பன்னிய பார்பிக்யூ போட்டுச் சுடப் போறாராம். சுடட்டும். ஆனா எழுதியிருக்காரு பாருங்க: "டெக்சாஸ்ல காசு குடுத்து வாங்குற மெஸ்கிட் விறகு வேற ஒண்ணுமில்ல, நம்ம சீமைக் கருவேலந்தான். கண்மாய்க்குள்ள சும்மா கெடக்கு, மதுரைக்காரனுக்கு அரும தெரியல."

இருவத்திரெண்டு வருஷமா கெடாவெட்டுக்கும் கல்யாணத்துக்கும் விறகடுப்பு முன்னாடி நிக்கிறவன் நான். சீமைக் கருவ புகை கறியில நேராப் பட்டா கசக்கும். எனக்குத் தெரியாத அருமை ஹூஸ்டன்ல இருந்து பார்த்தா தெரியுதோ?

ஹூஸ்டன்மாப்ள | இரவு 8:40
அண்ணே, வணக்கம். கோவப்படாதீங்க. ரெண்டும் புரோசோபிஸ் வகை. டெக்சாஸ்ல நெறைய இருக்கிறது கிளாண்டுலோசா, நம்மூர்ல ஜூலிஃப்ளோரா. பங்காளி மரங்க. நான் ஆறு வருஷமா வார வாரம் ஸ்மோக்கர் (கறியப் புகையில வேக வைக்கிற பெட்டி) போடுறேன், மெஸ்கிட்டும் எரிச்சிருக்கேன், கசந்ததில்ல.

கணக்கும் சொல்லிடுறேன். உயிர் எடை 100 கிலோ வெண்பன்னி, சுத்தம் பண்ணுனா 70, 75 கிலோ நிக்கும். எலும்போட ஆளுக்கு அரைக்கிலோ. ராத்திரி 10 மணிக்கு ஏத்துனா மறுநாள் மதியம் 1 மணிக்கு எலையில விழும். பெட்டிக்குள்ள சூடு 110ல இருந்து 120 டிகிரி செல்சியஸ்.

கங்குமாஸ்டர் | இரவு 8:51
பங்காளின்னா ஒரே ஆளா? எங்க சித்தப்பா மகன் வாங்குன கடனுக்கு என் வீட்டு வாசல்லயா வந்து நிப்பாங்க? "அதுவேதான்"னு நேத்து எழுதுனீங்க. இன்னைக்குப் பங்காளிங்கிறீங்க. நாளைக்கு ஒண்ணுவிட்ட மச்சான்னு சொல்வீங்க. ஆக, சீமைக் கருவ புகை கசக்கும்.

திருமங்கலத்தான் | இரவு 9:05
மாஸ்டர், மதுரையில நீங்க திங்கிற பரோட்டா எந்த விறகுல வேகுது? நெறைய கடையில சீமைக் கருவதான். எங்கூருப் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு ராத்திரி பூராம் அண்டா அண்டாவாக் கெடாக்கறி பிரியாணி வேகுதே, விறகுலதான? விடியக்காலம் வாங்கித் தின்ன ஆயிரக்கணக்கான சனத்துல ஒருத்தன் கசக்குதுன்னு சொன்னானா?

கங்குமாஸ்டர் | இரவு 9:22
தம்பி, பரோட்டாவுக்கு நெருப்பு கல்லுக்கு அடியில. பிரியாணிக்கு அண்டாவுக்கு அடியில, மேல மூடி, மூடி மேல கங்கு. புகை எங்க கறியத் தொட்டுச்சு? ஹூஸ்டன்காரரு சொல்றது பெட்டிக்குள்ள கறியும் புகையும் பதினஞ்சு மணி நேரம் ஒண்ணாக் கெடக்கிற வேலை. இந்த வித்தியாசம் தெரியாம வடக்கம்பட்டிச் சாமிய எதுக்கு இழுக்குறீங்க?

என் கதைய சொல்றேன். மேலூர்ப் பக்கம் ஒரு விசேஷம். நாப்பது நாட்டுக்கோழி, கம்பி வலையில சுடணும். நான் புளியங்கட்ட கேட்டேன். வீட்டுக்காரரு செலவு மிச்சம்னு முந்தாநாள் வெட்டுன பச்சைச் சீமைக் கருவயக் கொண்டாந்து எறக்கிட்டாரு. வெள்ளையா, கெட்டியா புகை. கோழி தோல் பூராம் கீல் பூசுன மாதிரி ஒட்டிக்கிச்சு. வாயில வச்சவன் பூராம் துப்புனான். கூலியில பாதியப் பிடிச்சுக்கிட்டாங்க. அன்னைக்கு என் கூட நின்ன பயலுகளுக்கு நான் கையில இருந்து குடுத்தேன். அதனால சொல்றேன், கசக்கும்.

கமுதிக்காரன் | இரவு 9:37
மாஸ்டர், நீங்களே பதிலச் சொல்லிட்டீங்க. "பச்சை." கசந்தது மரமில்ல, ஈரம். எங்க வீட்டுல மூணு தலைமுறையா கரிமூட்டம் போடுறோம். சீமைக் கருவயத் துண்டு போட்டு அடுக்கி, மேல எலைதழ, அதுக்கு மேல மண்ணு மெழுகி, காத்த அடைச்சு நாள்கணக்கா உள்ளயே வேகவிடுவோம். முதல்ல வர்ற வெள்ளப்புகை இருக்கே, அது கண்ணத் தொறக்க விடாது, தொண்டையில கசக்கும். கடைசியில நீலமா நூல் மாதிரி வரும். அப்ப கரி ஆயிருச்சுன்னு அர்த்தம். அந்தக் கரியில மீனு சுட்டாலும் கோழி சுட்டாலும் ஒரு கசப்பும் கெடையாது. சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் கரி எங்கெங்கயோ போகுது. கசந்தா வாங்குவானா?

பழையபுளி | இரவு 9:44
எல்லாரும் ஒரு நிமிஷம். மொதல்ல பார்பிக்யூன்னா என்ன? புகையில வேகுறதா, கங்குல சுடுறதா? அத முடிவு பண்ணிட்டுப் பேசுனா பாதிச் சண்டை முடிஞ்சிரும்.

கங்குமாஸ்டர் | இரவு 9:50
கமுதித் தம்பி, நீங்க சொல்றது கரி. நான் சொல்றது விறகு. ஹூஸ்டன்காரரு எழுதுனது "விறகு." நேத்து எழுதுனத எடுத்துப் பாருங்க. விறகுப் புகை கசக்கும்.

ஹூஸ்டன்மாப்ள | இரவு 10:03
விறகுதான் எழுதுனேன், மறுக்கல. ஆனா நான் செய்யப்போறது அமெரிக்காவுல கரோலினா பக்கத்து முறை. அங்க முழுப் பன்னிக்கு விறகத் தனியா ஒரு பீப்பாயில எரிச்சு, கீழ விழுற கங்க மண்வெட்டியில அள்ளி பன்னிக்கு அடியில பரப்புவாங்க. தொடைக்கும் தோளுக்கும் அடியில அதிகம், வயித்துக்கு அடியில கம்மி. மேல வினிகரும் மிளகாயும் கலந்த தண்ணி. டெக்சாஸ் மேற்குப் பக்கமும் மெஸ்கிட்டக் கங்காக்கித்தான் கறி சுடுவாங்க.

கங்குமாஸ்டர் | இரவு 10:11
அப்ப டெக்சாஸ்காரனே மெஸ்கிட் புகையக் கறிக்குக் காட்டல, கங்காக்கிட்டுத்தான் சுடுறான்! இதத்தான நான் சாயந்தரத்துல இருந்து கத்துறேன்?

ஹூஸ்டன்மாப்ள | இரவு 10:15
மேற்குப் பக்கம்னு சொன்னேண்ணே. நடு டெக்சாஸ்ல ஓக் மரத்துப் புகை. மெஸ்கிட் புகை காரமா இருக்கும், அளவா விடணும். காரம் வேற, கசப்பு வேற.

கங்குமாஸ்டர் | இரவு 10:18
நடு டெக்சாஸ்ல எதுக்கு ஓக்குக்குப் போனான்? மெஸ்கிட் கசந்துச்சு, போனான்.

திருமங்கலத்தான் | இரவு 10:24
மாஸ்டருக்கு இது வழக்கந்தான். போன வருஷம் கறிதோசை விவாதத்துலயும் கடைசி வார்த்தை தன்னோடதா இருக்கணும்னு விடிய விடிய உக்காந்திருந்தாரு. எங்க தாத்தா சொல்வாரு, காமராஜர் காலத்துல வெறகுப் பஞ்சத்துக்குத் தூவுன மரம் இது. அடுப்பெரிக்கவே வந்த மரத்த, அடுப்புக்கு ஆகாதுங்குறாரு.

கமுதிக்காரன் | இரவு 10:31
காமராஜர் காலத்துக்கு ரொம்ப முந்தி, 1870கள்லயே இந்தியாவுக்கு வந்திருச்சு. பூர்வீகம் மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கம்.

திருமங்கலத்தான் | இரவு 10:34
எங்க தாத்தா கண்ணால பார்த்ததச் சொல்றேன். நீங்க கேட்டதச் சொல்றீங்க.

கமுதிக்காரன் | இரவு 10:36
தாத்தா தூவுனத பார்த்திருக்கலாம். வந்ததப் பார்த்திருக்க முடியாது. இன்னொண்ணு, கருவேலம் வேற, சீமைக் கருவேலம் வேற. இங்க பாதிப்பேர் கலந்து எழுதுறாய்ங்க. நாட்டுக் கருவேலங்குச்சியில பல்லு வெளக்குவோம். சீமைக் கருவயில யாராவது வெளக்குவாங்களா? 2017ல ஹைகோர்ட் மதுரைக் கிளை அகத்தச் சொன்னது சீமைக் கருவயத்தான்.

கங்குமாஸ்டர் | இரவு 10:40
பல்லு வெளக்கவே ஆகாத மரத்துல கறி சுடலாமா? கமுதித் தம்பியே ஒத்துக்கிட்டாரு.

கமுதிக்காரன் | இரவு 10:41
நான் எதையும் ஒத்துக்கல. புளியங்கட்டையிலயும் நீங்க பல்லு வெளக்கல.

செல்லூர்மதினி | இரவு 10:58
மரத்தையே பிடிச்சுத் தொங்குறீங்க. உயிர் போற விஷயத்த ஒருத்தரும் கேக்கல. தம்பி, உங்க ஸ்மோக்கர் எதுல செய்யிறீங்க? நேத்து "பழைய டிரம் ரெண்டு வாங்கி வெல்டிங்" அப்படின்னு எழுதியிருந்தீங்க. தார் டிரம்மா, ரசாயனம் வந்த டிரம்மா? துத்தநாகம் பூசுன தகடுன்னா சூட்டுல விஷப்புகை கெளம்பும். எங்க வீட்டுக்காரரு பட்டறை வச்சிருக்காரு, அந்தத் தகட வெல்டிங் வச்சுட்டு ஒரு ராத்திரி பூராம் குளிர்ஜுரத்துல கெடந்தாரு.

அடுத்தது பன்னி. தெருவுல மேயுற பன்னி வேண்டாம். கறிக்குள்ள நாடாப்புழுவோட இளம்புழு இருக்கும், அரைவேக்காட்டுல சாகாது. பண்ணையில வளத்ததா, அன்னைக்கே அடிச்சதா, கேட்டு வாங்குங்க.

ஹூஸ்டன்மாப்ள | இரவு 11:06
நன்றி மதினி. டிரம் விஷயத்த நாளைக்கே விசாரிக்கிறேன். பன்னி பண்ணையிலதான் சொல்லியிருக்கேன். தெர்மாமீட்டர் கொண்டு வர்றேன். கறிக்குள்ள சூடு 63 டிகிரி தாண்டுனாலே வெந்திரும், ஆனா தோள்கறி நாரு நாராப் பிய்யணும்னா 90க்கு மேல போகணும். நடுவுல 70 கிட்ட வந்து மணிக்கணக்கா அசையாது. மேல ஈரம் வத்தி வத்தி கறியக் குளுத்திக்கிட்டே இருக்கும். அந்த நேரத்துல பதறி நெருப்பக் கூட்டுனா கொழுப்பு ஒழுகித் தீப்பிடிச்சுக்கும்.

கங்குமாஸ்டர் | இரவு 11:15
மதினி கேட்டதுக்கு வரிவரியாப் பதில் சொல்றீங்க. நான் ஒத்தக் கேள்வி கேட்டேன், மூணு மணி நேரமாச் சுத்துறீங்க. விறகுப் புகை கசக்குமா, கசக்காதா?

அப்புறம் 70 டிகிரி, 90 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லாம எங்க அய்யா 300 பேருக்குத் தொடக்கறி வேக வச்சாரு. எலும்ப ஒரு திருகு திருகுவாரு, கழண்டு வந்தா எறக்கு, இல்லன்னா இன்னும் ரெண்டு கட்ட வையி. அம்புட்டுதான். கெடாவோ பன்னியோ, மயிரப் பொசுக்குறதே வைக்கோல்ல, அப்புறம் மஞ்சள் தடவித் தேய்ச்சுக் கழுவுவாரு. அந்த மஞ்சள் வாசன உங்க வினிகர் தண்ணியில வருமா? அமெரிக்காவுல ஆறு வருஷம் ஸ்மோக்கர் வச்சா இத்தனையும் பழசாயிருமா?

ஹூஸ்டன்மாப்ள | இரவு 11:23
உங்க அய்யாவ நான் ஒரு வார்த்தை குறைச்சுச் சொல்லலண்ணே. அரும தெரியலன்னு எழுதுனது மரத்த. உங்கள இல்ல.

திருமங்கலத்தான் | இரவு 11:27
ஹூஸ்டன் மாப்ள, அந்த செட்டுல எத்தன பேரு பன்னி திம்பான்னு கேட்டீங்களா? எங்க செட்டுல பாதிப்பேரு தொடமாட்டான். 75 கிலோவ யாரு திங்கிறது? ரெண்டு கெடாவும் சேத்துப் போடுங்க.

ஹூஸ்டன்மாப்ள | இரவு 11:30
கேட்டாச்சு. 40 பேரு கோழி கேட்டிருக்காங்க.

செல்லூர்மதினி | இரவு 11:33
அப்ப ஆளு 110தான? எதுக்கு 100 கிலோ பன்னி?

பழையபுளி | இரவு 11:35
நான் கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல.

கங்குமாஸ்டர் | இரவு 11:48
அந்த 40 பேருக்குக் கோழிய எந்த விறகுல சுடுறீங்க? மேலூர்ல நாப்பது கோழியையும் துப்புனத மேல எழுதியிருக்கேன், இன்னொருக்கா வாசிங்க. சோழவந்தான்ல புளியங்கட்ட கெடைக்கலன்னா நான் ஏத்திவிடுறேன், வண்டி வாடக மட்டும் குடுங்க. ஆனா சீமைக் கருவ அந்தத் தோப்புக்குள்ள வந்துச்சுன்னா நான் வரமாட்டேன்.

ஹூஸ்டன்மாப்ள | இரவு 11:52
வாங்கண்ணே, புளியங்கட்டையோடயே வாங்க. ஆனா ஒரு பக்கம் சீமைக் கருவ எரியும். ஆறு மாசம் காஞ்சது, சொல்லி வச்சாச்சு.

கங்குமாஸ்டர் | இரவு 11:54
ஆறு மாசம் காஞ்சாலும் கசக்கும்.

கமுதிக்காரன் | இரவு 11:55
கசக்காது.