ஹோலில் இருக்கும் கொம்பியூட்டரைத் தூக்கலாமா?

வாவிக்கரையான், கல்லடி:

எங்கள் வீட்டு ஹோலில் 2009இல் வாங்கிய கொம்பியூட்டர் ஒன்று இருக்கிறது. மேலே பூப்போட்ட துணி, துணிக்கு மேலே பூச்சாடி. அந்த மேசை தையல் மெஷினுக்கு வேண்டும் என்று மனைவி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறா. அதைக் கடைசியாக எதற்குப் போட்டேன் என்று யோசித்தேன், நினைவு வரவில்லை. போட்டோ எல்லாம் போனிலிருந்து தானாகவே கிளவுட் என்கிற இணையக் களஞ்சியத்துக்குப் போகிறது. மகளின் அசைன்மென்ட் கூகுள் ட்ரைவில். வங்கி, கரண்ட் பில் எல்லாம் போனில். வீட்டுக்கு ஒரு கொம்பியூட்டர் என்ற காலம் முடிந்தது, இன்னும் ஐந்து வருடத்தில் வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை எங்கேயும் யாரும் கொம்பியூட்டர் பெட்டி வாங்க மாட்டார்கள் என்பது என் கட்சி. இல்லை என்கிறவர்கள் காரணத்தோடு வாங்க.

அச்சுக்கூடத்தான், மட்டக்களப்பு டவுன்:

காரணத்தோடுதான் வருகிறேன், தம்பி. போன கிழமை ஆரையம்பதியில் ஒரு கல்யாணம். கமரா இரண்டு, படம் இரண்டாயிரம். ஒரு படம் ரோ பைலாக, அதாவது கமரா எடுத்தபடியே சுருக்காமல், 25 எம்பி, மொத்தம் 50 ஜிபி. எங்கள் கடை லைனில் மேலே ஏற்றும் வேகம் நல்ல நாளில் 5 எம்பிபிஎஸ், அதாவது செக்கனுக்கு 5 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். கணக்குப் போட்டால் 80,000 செக்கன், அதாவது 22 மணித்தியாலத்துக்கும் மேல். இடையில் லைன் விழுந்தால் அதற்கும் மேல். அதே 50 ஜிபி வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போக ஒன்பது நிமிடம் எடுக்காது. பெண் வீட்டார் நாலாம் சடங்கு முடியமுன் ஆல்பத்தைக் கேட்கிறார்கள். 22 மணித்தியாலத்துக்கு நான் எங்கே போவேன்?

மறுகா பாமினி. இருபது வருடத்துக் கல்யாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், நினைவு மலர் எல்லாம் என்னிடம் பாமினி எழுத்துருவில் கிடக்கிறது. பாதி பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் பைல். இணையத்தில் திறந்து பார்த்தீர்களா? தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும். பெட்டிக்குள் எழுத்துரு இருந்தால்தான் அது தமிழ். கிளவுட் என்கிற அந்த ஆகாயத்தில் ஏற்றிவிட்டால் யாருக்கும் விளங்காத மந்திரம்.

ஒலுவில் கம்பஸ் பொடியன்:

அண்ணே, கேள்வி வீட்டுக் கொம்பியூட்டர் பற்றியது. உங்களுடையது கடை. கடைக்குப் பெட்டி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சலூன்காரருக்குச் சுழலும் கதிரை வேண்டும் என்பதற்காக எல்லார் வீட்டிலும் அது இருக்க வேண்டுமா?

வீட்டுக் கதையை நான் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் பதினான்கு வீடு. பெட்டி இருந்தது ஒரே வீட்டில். 2020இல் பள்ளிக்கூடம் மூடியபோது நானும் தங்கச்சியும் உம்மாவின் போனில் மாறி மாறித்தான் படித்தோம். ஆக, வீட்டுக் கொம்பியூட்டர் போய்விடுமா என்ற கேள்வியே எங்களுக்குப் புதினமாக இருக்கிறது. வராத விருந்தாளி எப்போது எழும்பிப் போவார் என்று கேட்கிற மாதிரி.

தொழில்நுட்பமும் அந்தப் பக்கம்தான் போகிறது. எல்லாவற்றையும் இணையத்தில் வைத்துத் திறக்கிற குரோம்புக் 2011இல் வந்தது. முழு விண்டோஸையும் தூரத்து இயந்திரத்தில் ஓடவிட்டு உங்கள் திரையில் காட்டுகிற விண்டோஸ் 365 சேவையை மைக்ரோசொப்ட் 2021இல் தொடங்கியது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றன. வாவிக்கரையான் அண்ணனின் 2009 பெட்டியில் விண்டோஸ் 11ஐ முறைப்படி போடவே முடியாது. பூச்சாடி வைக்க அது நல்ல இடம்.

நிந்தவூர் நானா:

நானும் உங்களை மாதிரித்தான் இருந்தேன், வாவிக்கரையான். பதினொரு வருடம் கத்தாரில் வேலை. மகள் பிறந்தது, பேசத் தொடங்கியது எல்லாம் வீடியோவில்தான் பார்த்தேன். வாப்பா மௌத்தாக முதல் அனுப்பிய குரல் பதிவுகளும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். வேலை முடிந்து ஊருக்கு வந்தேன். கத்தார் சிம் செத்தது. ஆறு மாதத்தால் போன் மாற்றினேன். கணக்கைத் திறக்கப் போனால், உங்கள் இலக்கத்துக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கிறோம் என்கிறது. எந்த இலக்கத்துக்கு? அந்தச் செத்த கத்தார் இலக்கத்துக்கு! அது இப்போது யாருடைய பொக்கெட்டில் இருக்கிறதோ.

பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். பெயர், பிறந்த திகதி எல்லாம் தெரியும். என் மகளின் முகம் எனக்குத் தெரியாதா? நான்தான் நான் என்று சொல்ல ஆள் இல்லை. படிவம் நிரப்பினேன், எட்டுத் தரம். எட்டுத் தரமும் ஒரே பதில்.

வாவிக்கரையான், கல்லடி:

நானா, கோபிக்க வேண்டாம். சிம்மை விடுமுதல் இலக்கத்தை மாற்றியிருக்கலாம். அவசரத்துக்கென்று கோட் தருவார்கள், அதை ஒரு கடதாசியில் எழுதி வைத்திருக்கலாம். அது களஞ்சியத்தின் பிழை இல்லையே.

நிந்தவூர் நானா:

சரி, என் பிழைதான். அலுமாரித் திறப்பைத் தொலைப்பதும் என் பிழைதான். ஆனால் அலுமாரிக்கு ஒரு கொல்லனைக் கூட்டிக்கொண்டு வந்து பூட்டை உடைக்கலாம். இதற்கு நான் யாரைக் கூப்பிடுவது? எந்த ஊரில் இருக்கிறான் அந்தக் கொல்லன்?

அச்சுக்கூடத்தான், மட்டக்களப்பு டவுன்:

நானா சொன்னதுதான் கதை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு சொந்த வளவு என்று நினைக்கிறார்கள். கூகுள் போட்டோஸில் எவ்வளவும் சும்மா ஏற்றலாம் என்றார்கள், 2021 ஜூன் 1இலிருந்து இல்லை என்றார்கள். இப்போது மெயில், போட்டோ, பைல் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான் சும்மா. இரண்டு வருடம் பாவிக்காத கணக்கை அழிப்போம் என்று 2023இல் விதி போட்டார்கள். மேலதிக இடத்துக்கு மாதக் காசு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறினபோது என்ன செய்தீர்கள்? என் டிஸ்க் வாடகை கேட்கவில்லை.

இது புதுக் கதையும் இல்லை. 1996 அளவில் ஒரக்கிள் முதலாளி லாரி எலிசன் இதே பாட்டைத்தான் பாடினார். டிஸ்க் இல்லாத மலிவுப் பெட்டி, எல்லாம் நெட்வேர்க்கில், பிசியின் காலம் முடிந்தது என்றார். அந்தப் பெட்டியை மட்டக்களப்பில் யாராவது கண்டீர்களா? பிசி இன்னும் இருக்கிறது.

ஒலுவில் கம்பஸ் பொடியன்:

1996இல் இணையம் டெலிபோன் வயரில் கீச்சுக் கீச்சென்று வந்தது. எண்ணம் பிழையில்லை, ரோட்டுப் போடமுதல் பஸ் வாங்கிவிட்டார்.

2022ஐ இழுத்தீர்கள், அதனால் கேட்கிறேன். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, உங்கள் பெட்டி ஓடியதா? என் போன் ஓடியது.

அச்சுக்கூடத்தான், மட்டக்களப்பு டவுன்:

உன் போன் ஓடியது. டவரின் பற்றரி இறங்கினபிறகு அது டோர்ச் லைட்டாக ஓடியது. களஞ்சியத்தில் இருந்த பைல் ஒன்றையாவது எடுத்தாயா?

களுதாவளை டீச்சர்:

இரண்டு பேரும் மாறி மாறி அடிபடுங்க, நான் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

2004 டிசெம்பர் 26, சுனாமி வந்த அன்று எங்கள் குடும்பம் கடலோரம், டச்பாரில். வீட்டில் கொம்பியூட்டர் இல்லை, போட்டோ அல்பம்தான். பெரிய பிரம்புப் பெட்டிக்குள் ஏழு அல்பம். அம்மா, அப்பாவின் கல்யாணப் படம், தம்பியின் முதல் பிறந்தநாள், எல்லாம். தண்ணீர் வடிந்தபிறகு பிரம்புப் பெட்டியின் மூடி மட்டும் அடுத்த வளவு வேலியில் கிடந்தது. தம்பியும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் தம்பியின் படம் நான்கு இருக்கிறது. நான்கும் சுவிஸிலிருந்து வந்தது. பிறந்தநாளுக்கு எடுத்ததில் மாமிக்கென்று நான்கு கொப்பி கூடுதலாகக் கழுவி அப்பா தபாலில் போட்டிருந்தார். ஒன்றின் பின்பக்கம் அப்பாவின் கையெழுத்தில் தம்பியின் பெயரும் நிறையும் இருக்கிறது, 11 கிலோ என்று.

வீட்டிலேயே எல்லாம் இருக்கட்டும் என்று சொல்கிற அண்ணன் கடலுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?

அச்சுக்கூடத்தான், மட்டக்களப்பு டவுன்:

டீச்சர், அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடலுக்குக் கிட்டத்தான் இருக்கிறேன். உப்புக் காற்றுக்கு வருடம் ஒரு முறை போர்டைக் கழற்றித் துடைக்கிறேன், அதிலேயே தெரியும்.

ஆனால் தூரத்தில் வைத்தால் தப்பும் என்பதும் எப்போதும் சரியில்லை. 2023 ஓகஸ்டில் நடந்ததை மறந்துவிட்டோமா? அரசாங்கத்தின் சொந்தக் கிளவுட்டுக்குள், பைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற ரான்சம்வேர் புகுந்து, அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் மே 17இலிருந்து ஓகஸ்ட் 26 வரைக்கும் உள்ளவை அழிந்துபோயின. அமைச்சரவை அலுவலகத்தினுடையதும் போனது. 2025 செப்டெம்பரில் தென் கொரியாவில், டேஜோன் தரவு நிலையத்தில் பற்றரி தீப்பிடித்து, அரச ஊழியர்கள் பைல் வைத்திருந்த களஞ்சியம் 858 டெராபைட்டும் சாம்பல். இணையத்துக்குப் பெயர்போன கொரியாவிலேயே இது நடக்கிறது.

ஒலுவில் கம்பஸ் பொடியன்:

இரண்டும் உண்மை. ஆனால் முழுக் காரணத்தையும் சொல்லுங்க. இங்கே இணையத்தோடு இணைந்திருந்த காப்புப் பிரதியையும் அதே ரான்சம்வேர் பூட்டியது. அந்த மூன்று மாதத்துக்கு வேறாகக் கழற்றி வைத்த பிரதி இல்லை. கொரியாவில் அந்தக் களஞ்சியத்துக்கு வெளியே பிரதியே இல்லை, இடம் பெரிதாக இருந்ததால் எடுக்கவில்லை என்றார்கள். கிளவுட் என்பது ஆகாயம் இல்லை, அதுவும் ஒரு கட்டடம், யாரோ ஒருவரின் டிஸ்க். ஒரே இடத்தில் ஒரே கொப்பி இருந்தால் டச்பார் என்ன, டேஜோன் என்ன?

இதில் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். பெட்டி போகும், அதில் சந்தேகம் இல்லை. டிஸ்க் போகாது.

களுதாவளை டீச்சர்:

அச்சுக்கூட அண்ணனிடம் ஒரு சின்னக் கேள்வி. 2014இல் எங்கள் கல்யாண அல்பம் உங்களிடம்தான் செய்தோம் என்று நினைக்கிறேன், எழுதுகிற விதத்திலேயே ஆளைத் தெரிகிறது. மூன்று வருடத்தால் இன்னொரு பிரிண்ட் கேட்டு வந்தபோது, “டிஸ்க் அடிச்சிட்டுது டீச்சர்” என்று சொன்னது நீங்கள்தானே?

வாவிக்கரையான், கல்லடி:

டீச்சர் வாழ்க!

அச்சுக்கூடத்தான், மட்டக்களப்பு டவுன்:

நான்தான்.

ஒரு நாள் காலமை டிக் டிக்கென்று சத்தம் கேட்டது. சுவர்ப்பல்லி என்று நினைத்தேன். கொழும்பில் பைல் மீட்டுத் தருகிறவர்களிடம் கொடுத்தேன், அவர்கள் கேட்ட காசுக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கலாம், மீட்டது மூன்றில் ஒன்று. 2013, 2014 இரண்டு வருடக் கல்யாணங்கள் போய்விட்டன. ஆட்கள் வந்து கேட்டால் இன்றைக்கும் கடையின் பின்பக்கம் போய் நிற்பேன். அதற்குப் பிறகு எதையும் இரண்டு டிஸ்க்கில் வைக்கிறேன், ஒன்று கடையில், ஒன்று மச்சினன் வீட்டில், கொக்கட்டிச்சோலையில். ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆனால் ஆகாயத்துக்கு ஏற்ற மாட்டேன், டீச்சர். அது வேறு விஷயம், 22 மணித்தியாலம்.

ஒலுவில் கம்பஸ் பொடியன்:

அண்ணே, மச்சினன் வீடுதான் உங்கள் கிளவுட்.

நானா, நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா? கத்தாரில் வைத்திருந்த பழைய போன் எங்கே? அதில் கணக்கு இன்னும் உள்ளே திறந்தபடி இருக்கக்கூடும். அப்படியானால் அதற்கு கோட் கேட்காது. கவனம், ரீசெட் பண்ண வேண்டாம், வெளியேறவும் வேண்டாம். வைஃபையில் போட்டு முதலில் படங்களை இறக்குங்க, இலக்கம் மாற்றுவதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

நிந்தவூர் நானா:

மகளுக்கு விளையாடக் கொடுத்தது. திரை பாதி கறுப்பு. சார்ஜ் போடுகிற ஓட்டை தளர்ந்து போய், வயரை ஒரு பக்கம் அமத்திப் பிடித்தால்தான் ஏறும். தேடிப் பார்க்கிறேன்.

வாவிக்கரையான், கல்லடி:

இந்தச் சண்டைக்குப் பிறகு நேற்றிரவு துணியைத் தூக்கிப் பெட்டியைப் போட்டேன். ஓடியது! திகதி மட்டும் 2002 ஜனவரி 1 என்று காட்டியது, அதனால் எந்த இணையப் பக்கமும் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்கவில்லை. உள்ளே இருக்கிற காசு மாதிரிப் பற்றரியை மாற்றினேன், சரி வந்தது.

உள்ளே பார்த்தால் 37 ஜிபி. நான் மறந்தே போன படங்கள். 2011 வெள்ளத்தில் எங்கள் வளவு, கதவுப்படியில் அம்மா சீலையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறா, முழங்காலளவு தண்ணீர். அம்மா போய் ஆறு வருடம். இந்தப் படம் போனிலும் இல்லை, ட்ரைவிலும் இல்லை. எல்லாம் அங்கே இருக்கிறது என்று நான்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

இரண்டு டிஸ்க் வாங்கிக் கொப்பி பண்ணியாயிற்று, ஒன்று அக்கா வீட்டுக்கு, வவுணதீவுக்குப் போகிறது. ஆகாயத்துக்கும் ஏற்றுகிறேன், 11 வீதம் போயிருக்கிறது. 15 ஜிபி போதாது, மாதக் காசு கட்டத்தான் வேண்டும். பெட்டியைச் சனிக்கிழமை தூக்குகிறேன், என் கட்சியில் மாற்றமில்லை. உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

அச்சுக்கூடத்தான், மட்டக்களப்பு டவுன்:

தூக்கமுதல் அதில் பாமினி இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் பெட்டியை நான் எடுக்கிறேன்.

நிந்தவூர் நானா:

போன் கிடைத்துவிட்டது. மகள் வயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். 4 வீதம் ஏறியிருக்கிறது, இன்னும் ஓன் ஆகவில்லை.