பள்ளிக் கட்டட பாண்ட் வாக்கெடுப்பு: பக்கத்து நிலத்துக்காரரை நினைத்தால் 'ஆம்' போடக் கை வரவில்லை (மின்னசோட்டா)

சோளக்காட்டு வீடு:

வணக்கம். தெற்கு மின்னசோட்டாவில் ஒரு சின்ன ஊரில் ஆறு வருடமாக இருக்கிறோம். சுற்றிலும் சோளமும் சோயாவும்தான். மகள் நாலாம் வகுப்பு. போன வருடம்தான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. வரும் நவம்பரில் போடப்போவதுதான் இந்த நாட்டில் என் முதல் ஓட்டு.

அந்த வாக்குச்சீட்டில் எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறது. முதலாவது, பழைய கட்டடத்தின் கூரை, பாய்லர், லிஃப்ட் வேலைகளுக்காக பாண்ட், அதாவது சொத்துவரியிலிருந்து திருப்பிக் கட்டும் கடன்பத்திரம், வெளியிடலாமா என்பது. இரண்டாவது, புதிதாக ஒரு ஜிம் கட்ட. 'ஆம்' என்று போட்டால் சொத்துவரி உயர்வுக்கு வாக்களிக்கிறீர்கள் என்று மாதிரிச் சீட்டிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான்.

கட்டடம் 1950-களில் கட்டியது. மழை பெய்தால் நூலகத்துக்கு வெளியே நடைபாதையில் மஞ்சள் வாளி வைத்துவிடுவார்கள். மேலே கூரைப் பலகை தேநீர் நிறத்தில் ஊறிக் கிடக்கும். குளிர்காலத்தில் ஒரு முனையில் உள்ள வகுப்பில் சூடு தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள், மறுமுனை வகுப்பில் பிள்ளைகள் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். மகளின் வகுப்பில் ஒரு பையன் வீல்சேரில் வருகிறான். வகுப்பறைக்கும் சாப்பாட்டுக்கூடத்துக்கும் நடுவில் பதினோரு படிகள். மதியம் மணி அடித்ததும் அவன் மட்டும் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு பக்கக் கதவு வழியாக வெளியே போய், கட்டடத்தைச் சுற்றிப் பின்கதவு வழியாக உள்ளே வருகிறான். ஜனவரியிலும் அப்படித்தான். ஒரு நாள் என் மகள் அவனுக்குத் துணையாகப் போனாள். "நாங்க போய்ச் சேரும்போது எல்லாரும் பாதி சாப்பிட்டுட்டாங்கம்மா" என்றாள். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

சரி, அப்புறம் என்ன தயக்கம்? எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான். எழுபதைத் தாண்டியவர், 320 ஏக்கர் நிலம். பனி கொட்டினால் நாங்கள் எழுந்திருக்கும் முன்பே டிராக்டரில் வந்து எங்கள் வாசல் பனியையும் தள்ளிவிட்டுப் போய்விடுவார், இதுவரை ஒரு டாலர் வாங்கியதில்லை. "இது நிறைவேறினால் பெரிய பில் என் நிலத்துக்குத்தான் வரும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. எங்கள் வீட்டுக்கு மாதம் 22 டாலர் ஏறுமாம், சமாளித்துக்கொள்வோம். அவர் தலையில் எவ்வளவு ஏறும் என்று தெரியாமல் என்னால் போட முடியாது.

பராமரிப்புக்கென்று பள்ளிக்கு வேறு பணமே வராதா? முதல் கேள்விக்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்று போடலாமா? டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளரிடம் கேட்டேன். தகவல் மட்டும்தான் தருவேன், எப்படிப் போட வேண்டும் என்று சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கட்டடக் குழு:

அக்கா, கண்காணிப்பாளர் மீது வருத்தப்படாதீர்கள். பொதுப்பணத்தில் 'ஆம் போடுங்கள்' என்று பிரசாரம் செய்யக் கூடாது, அதனால்தான் அப்படிச் சொல்லியிருப்பார். நான் மின்னசோட்டாவிலேயே வேறொரு டிஸ்ட்ரிக்டில் கட்டடக் குழுவில் தன்னார்வலராக இருந்தவன். இரண்டு வாக்கெடுப்பு பார்த்துவிட்டேன். முதலாவது தோற்றது.

பெரியவர் சொன்னது பாதி சரி. ஆசிரியர் சம்பளம் போன்ற செலவுக்கு வாங்கும் ஆபரேட்டிங் லெவி என்ற வரி விவசாய நிலத்தைத் தொடாது, வீடு, கராஜ், அதைச் சுற்றி ஒரு ஏக்கர், அவ்வளவுதான். கட்டட பாண்ட் அப்படியில்லை. அது எல்லா ஏக்கர் மீதும் விழும். நிலத்தின் மதிப்பு பெரிது, ஆகவே பில்லும் பெரிது. கிராமத்து டிஸ்ட்ரிக்டுகளில் பாண்ட் தோற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்காகத்தான் 2017-இல் ஆக்-டு-ஸ்கூல் என்ற வரிக்கழிவைச் சட்டமாக்கினார்கள். பள்ளிக் கட்டடக் கடனுக்காக விவசாய நிலத்தின் மீது விழும் வரியில் ஒரு பங்கை மாநிலமே கட்டிவிடும். 40 விழுக்காட்டில் தொடங்கி, 2023-இல் கட்டும் வரியிலிருந்து 70 விழுக்காடு. விண்ணப்பம் எதுவும் போட வேண்டாம், தானாகவே கழியும். சொந்தமாக உழுதாலும் குத்தகைக்கு விட்டாலும் உண்டு. பழைய பாண்ட் வரிக்கும் உண்டு.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 5 டாலர் என்று வைத்துக்கொண்டால் 320 ஏக்கருக்கு ஆண்டுக்கு 1,600. அதில் 1,120 மாநிலம் கட்டும், அவர் கையிலிருந்து 480. சின்னத் தொகை என்று நான் சொல்ல மாட்டேன். விளைச்சல் விலை விழுந்த வருடத்தில் அதுவும் வலிக்கும். ஆனால் அவர் மனதில் இருப்பது 1,600 ஆக இருக்கலாம். உண்மையான ஏக்கர் கணக்கை டிஸ்ட்ரிக்டிடம் கேளுங்கள். கழிவுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று இரண்டையும் கேட்க வேண்டும். அவருடைய வீட்டுப் பகுதிக்கு இந்தக் கழிவு கிடையாது. வருமானம் குறைவாக இருந்தால் எம்1பிஆர் படிவம் போட்டு வீட்டுவரியில் கொஞ்சம் திரும்ப வாங்கலாம்.

பராமரிப்புப் பணம்: இருக்கிறது. நீண்டகாலக் கட்டடப் பராமரிப்பு வருவாய் என்று மாணவருக்கு 380 டாலர் என்ற கணக்கில் வரும். கட்டடங்களின் சராசரி வயது 35 ஆண்டுக்குக் கீழே இருந்தால் அதற்கேற்பக் குறையும். 600 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்குச் சுமார் 2,28,000 டாலர். பெரிய கூரை ஒன்றுக்கே அது காணாது. புதுக் கட்டடம் கட்டவும் அதைத் தொடக் கூடாது.

இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் போடலாம். பெரும்பாலும் முதலாவது தோற்றால் இரண்டாவது வென்றாலும் செல்லாது என்று எழுதியிருப்பார்கள். சீட்டின் வாசகத்தைப் படித்துவிடுங்கள்.

இரண்டு பிள்ளை அப்பா:

நான் எங்கள் ஊரில் 'இல்லை' போட்டவன். காரணம் வரி மட்டும் இல்லை. பிள்ளைகள் எண்ணிக்கை வருடா வருடம் குறைகிறது, கடனோ 20 வருடம். பாதி காலியான கட்டடத்துக்கு ஜிம் எதற்கு என்று கேட்டேன், யாரும் எனக்குத் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. அடுத்த பத்து வருடச் சேர்க்கை மதிப்பீட்டைக் கேட்காமல் போடாதீர்கள்.

பழைய கட்டடக் குழு:

நியாயமான கேள்வி சார். மறுபக்கமும் ஒன்று உண்டு. இங்கே 1988-லிருந்தே ஓப்பன் என்ரோல்மென்ட், அதாவது வேறு டிஸ்ட்ரிக்ட் பள்ளியிலும் பிள்ளையைச் சேர்க்கும் வசதி, இருக்கிறது. கட்டடம் பிடிக்காவிட்டால் பெற்றோர் பக்கத்து டிஸ்ட்ரிக்டுக்குப் பிள்ளையை மாற்றிவிடுவார்கள், மாநிலப் பணமும் கூடவே போய்விடும். எங்களிடம் அது நடந்தது. தோற்ற பாண்டை அதே நோக்கத்துக்கு, அதே தொகைக்கு 180 நாள் வரை மறுபடி வைக்க முடியாது. காத்திருந்து வைத்தபோது கட்டுமான விலை ஏறியிருந்தது. அதே பணத்துக்கு இரண்டு வகுப்பறைகளைக் குறைத்தோம்.

அக்கா, இன்னொன்று. அந்தப் பராமரிப்பு வருவாயில் மாற்றுத்திறனாளிகளுக்கான வழி செய்யவும் அனுமதி உண்டு. பாண்ட் தோற்றால் லிஃப்ட் எப்போது என்று கூட்டத்தில் நேராகக் கேளுங்கள்.

கிரீன் கார்டு:

எனக்கு ஓட்டு இல்லை, ஆனால் வீட்டுக்கு வரி கட்டுகிறேன். ஸ்கூல் போர்டு கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், பொதுமக்கள் பேசும் நேரம் வைத்தால் பேசலாம். நான் போகிறேன். அக்கா, பெயரைப் பதியவில்லை என்றால் கவலை வேண்டாம், வாக்களிக்கும் நாளிலேயே பதிந்துகொள்ளலாம்.

சோளக்காட்டு வீடு:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை ஒரு தாளில் அந்த 70 விழுக்காட்டுக் கணக்கை எழுதிப் பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். கழிவு இருப்பது தெரியும், 40-தான் என்று நினைத்திருந்தேன் என்றார். 'ஆம்' போடுவேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பையன் வெளியே சுற்றி வருவதைச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. அவரும் அதே பள்ளியில் படித்தவர், அந்தப் படிகள் அவருக்கு நினைவிருக்கிறது.

முதல் கேள்விக்கு என் ஓட்டு 'ஆம்'தான். ஜிம்முக்கு இன்னும் முடிவு இல்லை, சேர்க்கை மதிப்பீட்டைப் பார்த்துவிட்டுத்தான். வியாழக்கிழமை கூட்டத்துக்குப் பெரியவரும் எங்கள் காரில் வருகிறார். லிஃப்ட் பற்றி என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுகிறேன்.