மெருகில்லாத சீனக் கெண்டிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

கேள்வி: காட்பாடி தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வசிக்கும் என் தம்பி ஊருக்கு வந்தபோது இரண்டு சீன மண் கெண்டிகளைக் கொடுத்துச் சென்றான். இரண்டும் உள்ளங்கையில் அடங்கும் அளவே உள்ளன. ஒன்று கருஞ்செந்நிறமாக, தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கிறது. மற்றொன்று நல்ல சிவப்பு, பளபளவென்று மின்னுகிறது. இரண்டின் அடியிலும் சதுர முத்திரை பதிந்திருக்கிறது.

பச்சையும் பழுப்புமாகக் கண்ணாடி போன்ற மெருகு பூசிய, எங்கள் பக்கத்துக் கரிகிரி ஊர் ஜாடிகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். மெருகிடுவதுதான் மண்பாண்டத்தின் நிறைவான வேலை என்று எண்ணியிருந்தேன். சீனர்கள் போற்றும் கெண்டியிலோ மெருகே இல்லை. அப்படியானால் அதன் தரத்தை எதைக்கொண்டு மதிப்பிடுகிறார்கள்? என்னிடம் உள்ள இரண்டில் எது நல்லது? இதில் நாம் அன்றாடம் குடிக்கும் தேநீரைப் போடலாமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பதில்: ஆற்காடு தேநீர் அன்பர்

வணக்கம் அம்மா. நீங்கள் விவரிப்பது யீசிங் வகைக் கெண்டி. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் தைஹு ஏரியின் மேற்குக் கரையை ஒட்டியுள்ள ஊர் யீசிங். அங்கே டிங்ஷு பகுதியில் கிடைக்கும் ‘ஸீஷா’ என்னும் மண்ணால்தான் இக்கெண்டிகளுக்குப் புகழ் வந்தது. அது நம் ஏரிகளில் அள்ளும் வண்டலைப் போன்றதன்று. பாறையாக இறுகிக் கிடப்பதை வெட்டியெடுத்து, வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் போட்டு உதிரச் செய்து, அரைத்துச் சலித்து, நீர் சேர்த்து, மரச் சம்மட்டியால் அடித்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகே அது கைக்கு வருகிறது. இரும்பும் குவார்ட்ஸும் அபிரகமும் கலந்த அந்த மண், சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படும்போது இறுகிவிடுகிறது; ஆயினும் அதன் சுவரில் மிக நுண்ணிய துளைகள் எஞ்சி நிற்கின்றன. நம் வீட்டுத் தண்ணீர்ப் பானை அதைவிடக் குறைந்த வெப்பத்தில் சுடப்படுவதால் நீர் கசிந்து, ஆவியாகி, பானை குளிர்கிறது. யீசிங் கெண்டியில் நீர் கசியாது. ஆனால் தேநீரின் சாயமும் எண்ணெய்ப் பசையும் அந்த நுண்துளைகளில் மெல்ல ஏறுகின்றன. பல ஆண்டுகள் பயன்படுத்திய கெண்டிக்கு ஓர் அடங்கிய ஒளி வருவது இதனால்தான். மெருகு பூசியிருந்தால் அது நடக்காது.

இந்தக் கலை வளர்ந்ததற்குத் தேநீர்ப் பழக்கம் மாறியதே காரணம். 1391-இல் மிங் பேரரசர் ஹோங்வு, அழுத்திய தேயிலைக் கட்டிகளைத் திறையாகச் செலுத்தும் முறையை நிறுத்தி, உதிரி இலையாகவே அனுப்பச் செய்தார். இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கும் வழக்கம் பரவியபின் அதற்கென்று ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த கோங் சுன் என்பவரை இக்கலையின் முன்னோடியாகச் சொல்வது மரபு. மிங் காலத்தின் பிற்பகுதியில் ஷி தாபின் சிறிய கெண்டிகளைச் செய்து புகழ்பெற்றார். எனக்கு மிகவும் பிடித்தவர் சென் மான்ஷெங் (1768–1822). அரசு அதிகாரியும் முத்திரை செதுக்குபவருமான அவர் வடிவங்களை வகுக்க, யாங் பெங்நியன் போன்ற கைவினைஞர்கள் கெண்டி செய்தார்கள்; ஈரம் உலராத சுவரில் கவிதை வரிகள் கத்தியால் பொறிக்கப்பட்டன. மெருகு பூசினால் அந்த வெட்டுகளின் கூர்மை மழுங்கிப் போகும். மெருகில்லாத மண் எழுத்தை அப்படியே தாங்கி நிற்கிறது.

பதில்: கரிகிரிப் பக்கத்து மண்பாண்டத் தொழிலாளி

வணக்கம் அம்மா. எங்கள் வீட்டில் தலைமுறையாக மண் வேலைதான். செய்பவன் நிலையிலிருந்து சில சொல்கிறேன்.

நாங்கள் சக்கரத்தில் வனைகிறோம். யீசிங்கில் மரபான முறையில் சக்கரம் இல்லை. மண்ணைத் தகடாக அடித்து, நீண்ட பட்டையை வளையமாகச் சுற்றி ஒட்டி, மரப்பலகையால் வெளியிலிருந்து தட்டிக்கொண்டே வந்து மேலும் கீழும் குவித்து உருண்டையாக்குகிறார்கள். சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானைக்கு உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டி அடியை மூடுகிற நமக்கு, அந்தக் கைவேலையின் கடினம் நன்றாகவே புரியும். அவர்கள் உள்ளே விரல்களை மட்டும் கொடுத்துத் தட்டுகிறார்கள். பிறகு மூக்கு, கைப்பிடி, மூடியின் குமிழ் ஆகியவற்றைத் தனித்தனியாகச் செய்து, அதே மண்ணின் குழம்பால் ஒட்டுகிறார்கள். கடைசியில் மாட்டுக் கொம்பில் சீவிய மெல்லிய தகட்டால் ஈர மேற்பரப்பை நீவுவார்கள். நுண்ணிய துகள்கள் மேலே படிந்து தோல் போல அமையும். அவர்களுக்கு மெருகு அதுதான்.

மெருகுப்பூச்சு எங்கள் பக்கத்தின் பெருமை; அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் சிறு பிசிறையும் விரல் தடத்தையும் பூச்சு மூடிவிடும். பூச்சில்லாத கெண்டியில் ஒட்டு வைத்த இடம், வளைவின் ஓட்டம், விளிம்பின் கனம் எல்லாம் அப்படியே வெளியில் நிற்கின்றன. ஆகையால் மூக்கும் கைப்பிடியும் உடலோடு சேரும் இடத்தை முதலில் பாருங்கள். அவை உடலிலிருந்து முளைத்து வந்தவையாகத் தோன்ற வேண்டும். அடுத்தது மூடி. சூளையில் மண் சுருங்கும். சிவந்த ‘ஜூனி’ மண் மிக அதிகமாகச் சுருங்கிக் கோணிக்கொள்ளும். அப்படியிருந்தும் மூடி ஆடாமல், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோல் அமர்ந்தால் செய்தவர் கைதேர்ந்தவர். நீர் நிரப்பி, மூடியின் துளையை விரலால் அடைத்துச் சாய்த்துப் பாருங்கள். மூடி சரியாகப் பொருந்தியிருந்தால் நீர் ஓட்டம் நின்றுவிடும். தட்டினால் வரும் ஓசையை மட்டும் நம்பாதீர்கள். அது சூட்டின் அளவையும் சுவரின் கனத்தையும் பொறுத்தது.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி, ஐயா. நீங்கள் சொன்னபடி சோதித்தேன். கருஞ்செந்நிறக் கெண்டியில் விரலை வைத்ததும் நீர் நின்றது. உட்புறம் சுவர் சேரும் இடத்தில் மெல்லிய ஒட்டுத் தடமும் தெரிகிறது. சிவப்புக் கெண்டியின் உட்புறம் முழுவதும் வழவழப்பாக இருக்கிறது; வெந்நீர் ஊற்றியதும் மருந்து நெடி வருகிறது; மூடியும் ஆடுகிறது. முத்திரையைக் கொண்டு எதையாவது உறுதிசெய்ய முடியுமா? எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் மிகவும் உப்பு, அதை ஊற்றலாமா?

பதில்: ஆற்காடு தேநீர் அன்பர்

அம்மா, அந்தச் சிவப்புக் கெண்டியை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். அதில் ஊற்றிக் குடிக்க வேண்டாம். கூழாக்கிய மண்ணை அச்சில் வார்த்து, நிறமேற்றி, மேலே மெழுகு தடவி விற்கும் வழக்கம் உண்டு. நல்ல மண் வெந்நீர் பட்டால் மருந்து வாடை வீசாது. கருஞ்செந்நிறக் கெண்டி முழுக்கக் கைவேலையா, பாதி அச்சு உதவியுடன் செய்ததா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பயன்படுத்தத் தகுந்தது.

முத்திரையை நம்ப வேண்டாம். யீசிங் கைவினைஞர் கூ ஜிங்ஜோ (1915–1996) செய்த ஒரு கெண்டி 2010-இல் ஒரு கோடி யுவானுக்கும் மேல் ஏலம் போனது. அத்தகைய பெயர்களைப் போலியாகப் பதிப்பவர்களுக்குக் குறைவே இல்லை.

உப்பு நீரைத் தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள சுண்ணாம்பு மெருகில்லாத சுவரில் வெள்ளையாகப் படியும். தேநீரின் மணத்தையும் மங்கச் செய்யும். கேன் தண்ணீர் போதும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சும் நம் தேநீருக்கு இக்கெண்டி ஏற்றதன்று. பாலின் கொழுப்பு நுண்துளைகளில் தங்கிப் புளித்துவிடும். அடுப்பின் மேலும் வைக்கக் கூடாது. குன்னூர்ப் பக்கம் முழு இலையாகக் கிடைக்கும் நீலகிரித் தேயிலையையோ, ஊலாங் வகையையோ வாங்கி, கெண்டியை முதலில் வெந்நீரால் சூடாக்கி, இலையைத் தாராளமாக இட்டு, ஒரு நிமிடத்துக்குள் வடித்துவிடுங்கள். அதே இலைக்கு மீண்டும் மீண்டும் வெந்நீர் ஊற்றலாம். ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேயிலை என்று வைத்துக்கொள்வது நல்லது. சோப்பு போடாமல் வெந்நீரால் மட்டும் அலசி, மூடியைத் திறந்தபடி நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் மழைக்காலத்தில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.