கிட்டார் டேப்பா, ஐந்து கோட்டு நொட்டேஷனா: எதை முதலில் படிப்பது?

பாளை மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் சபையின் பாடகர் குழுவில் டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) பாடுவதால், ஸ்வரங்களை டோ, ரே, மி என எழுத்துகளால் எழுதும் டானிக் சோல்ஃபா ஓரளவு தெரியும்; எழுத்துகளையும் அவற்றுக்கு நடுவே வரும் புள்ளிகளையும் பார்த்தே ஒரு கீதத்தை எடுத்துவிடுவேன். அண்மையில் கிட்டார் வாங்கியிருக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் டேப்களில் (எந்தக் கம்பியில் எங்கே விரல் வைப்பது என்று காட்டும் தாள்கள்) எண்கள் விளங்குகின்றன, ஆனால் எந்த எண்ணில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது விளங்கவில்லை. தெரிந்த பாட்டானால் வாசித்துவிடுகிறேன். தெரியாத பாட்டானால் அது வெறும் எண் வரிசையாகவே நின்றுவிடுகிறது.

ஐந்து கோட்டு நொட்டேஷனில் வேறொரு சிக்கல். கோடுகளுக்குக் கீழே கூடுதலாக இடும் முதல் துணைக்கோட்டில் இருக்கும் சி ஸ்வரத்தை, புத்தகம் காட்டியபடி ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள கட்டம்) வாசித்தேன். அதே ஸ்வரத்தைக் கீபோர்டு அண்ணன் வாசித்தபோது ஒரு ஸ்தாயி மேலே கேட்டது. எங்களில் யார் வாசித்தது சரி? கிறிஸ்துமஸ் கீதங்களைக் குழுவோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு டேப் மட்டும் போதுமா?

ஆறுகம்பி, நெல்லை டவுன்:

தம்பி, இருவர் வாசித்ததும் சரிதான். கிட்டாருக்கான நொட்டேஷனை, அது ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதுவது வழக்கம். ஒலிக்கிறபடியே டிரெபிள் கிளெஃப்பில் (வரியின் தொடக்கத்தில் வரும், உயர்ந்த ஸ்வரங்களுக்கான குறி) எழுதினால், தடித்த கம்பிகளின் ஸ்வரங்கள் துணைக்கோட்டுக்குக் கீழ் துணைக்கோடாக இறங்கிக்கொண்டே போய்ப் படிக்க முடியாதபடி ஆகிவிடும். சில புத்தகங்களில் கிளெஃப்பின் அடியில் சிறிய 8 அச்சிட்டிருப்பார்கள். அது இதைத்தான் சொல்கிறது. ஆகவே கீதப் புத்தகத்தின் சோப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்) வரியை நீங்கள் கிட்டாரில் அப்படியே படித்து வாசித்தால், சபையில் ஆண்கள் அந்த மெட்டைப் பாடும் ஸ்தாயியில் அது ஒலிக்கும். இதனால் பாட்டுக்கு எந்தக் குறையும் வராது.

டேப் என்பது கைக்குச் சொல்லும் கட்டளை. ஆறு கோடுகளும் ஆறு கம்பிகள்; மேல் கோடு மெல்லிய முதல் கம்பி, அடிக்கோடு தடித்த ஆறாம் கம்பி. எண் எந்த ஃபிரெட் என்பதைக் காட்டும், 0 என்றால் விரல் வைக்காத கம்பி, எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால் அவற்றைச் சேர்த்து மீட்ட வேண்டும். மடியில் வைத்துக் குனிந்து பார்க்கும்போது தடித்த கம்பியே முகத்துக்கு அருகில் இருப்பதால், கோடுகள் தலைகீழாகப் போட்டதுபோல் பலருக்குத் தோன்றும். வெனிஸில் பெட்ருச்சி என்ற அச்சகர் 1507இல் அச்சிட்ட லூட் (கிட்டார் போன்ற பழைய ஐரோப்பிய வாத்தியம்) டேப்களில் தடித்த கம்பிதான் மேல் கோட்டில் இருந்தது. இன்றைய முறையில் உயர்ந்த ஒலி மேலே இருப்பதால், ஐந்து கோட்டோடு சேர்த்துப் படிப்பவருக்கு இரண்டும் ஒரே திசையில் ஏறி இறங்குகின்றன.

ஐந்து கோடு எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லும்; எந்த இடத்தில் வாசிப்பது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே கட்டைதான். கிட்டாரிலோ, முதல் கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் ஈ ஸ்வரம் இரண்டாம் கம்பியின் 5ஆம் ஃபிரெட்டிலும், மூன்றாம் கம்பியின் 9ஆம் ஃபிரெட்டிலும், நான்காம் கம்பியின் 14ஆம் ஃபிரெட்டிலும், கழுத்து நீளமாக இருந்தால் ஐந்தாம் கம்பியின் 19ஆம் ஃபிரெட்டிலும் இருக்கிறது. டேப் இந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்கிறது, ஆனால் நேரத்தை விட்டுவிடுகிறது. அதனால்தான் தெரியாத பாட்டில் நீங்கள் நின்றுபோகிறீர்கள். அந்தக் குறை உங்களுடையது அன்று. இரண்டையும் ஒன்றாகவே படியுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

வீணை வாசிப்பவள், எட்டயபுரம்:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தம்பிக்குத் தெரிந்த சோல்ஃபாவில் 'டோ' நகரக்கூடியது, எங்கள் ஷட்ஜத்தைப் போல. பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும் ஆதார ஸ்வரம் டோ. ஐந்து கோட்டில் ஒவ்வொரு கோட்டுக்கும் பெயர் நிலையானது. கீ (பாட்டின் சுருதி) மாறினாலும் ஜி என்பது ஜிதான். சோல்ஃபாவிலிருந்து வருபவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுவே. தொடக்கத்தில் ஸ்வரங்களின் கீழே சோல்ஃபா எழுத்துகளைப் பென்சிலால் எழுதிக்கொள்வது உதவும்.

டேப் தாழ்ந்தது என்று சிலர் பேசுவதையும் நான் ஏற்பதில்லை. எங்கள் ஊரில் 1904இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில், ஸ்வரத்தை எப்படி அசைக்க வேண்டும் என்பதற்கே தனித்தனிக் குறிகள் உண்டு. ஸ்வரத்தின் பெயரையும் நேரத்தையும் எழுதினால் மட்டும் பாட்டு முழுமையாகிவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார். டேப்பில் எண்களுக்கு இடையே வரும் சாய்கோடு வழுக்கிச் செல்வதைக் குறிக்கிறது. எச் என்ற எழுத்து, வலக்கையால் மீட்டாமல் இடக்கை விரலை அழுத்தியே அடுத்த ஸ்வரத்தை எழுப்புவதைக் குறிக்கிறது. இந்த நுணுக்கங்களை எழுதிவைக்க டேப் மிகவும் ஏற்றது.

பாளை மாணவன்:

அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் நன்றி. ஸ்தாயிக் குழப்பம் தீர்ந்தது. நாளை கிட்டாரைக் கையில் எடுத்தால் எதிலிருந்து தொடங்குவது?

ஆறுகம்பி, நெல்லை டவுன்:

ஜி கீயில் தொடங்குங்கள். மூன்றாம் கம்பியில் 0, 2. இரண்டாம் கம்பியில் 0, 1, 3. முதல் கம்பியில் 0, 2, 3. இந்த எட்டு ஸ்வரங்களும் உங்களுக்குத் தெரிந்த டோ முதல் மேல் டோ வரைதான். ஐந்து கோட்டில் இவை கீழிருந்து இரண்டாம் கோட்டில் தொடங்கி, கோடும் இடைவெளியுமாக மாறி மாறி ஏறி, மேல் கோட்டுக்கு மேலே உள்ள இடத்தில் முடியும். வரியின் தொடக்கத்தில் வரும் கீ சிக்னேச்சரில் ஒரு ஷார்ப் (எஃப் ஸ்வரத்தை அரைப்படி உயர்த்தும் குறி) இருக்கும். முதல் கம்பியில் 1 வராமல் 2 வருவது அதனால்தான். கையும் கண்ணும் காதும் ஒரே வரிசையை மூன்று விதமாக அறிந்துகொள்ள இதைவிட எளிய இடம் எனக்குத் தெரியவில்லை.

வீணை அம்மா சொன்ன பென்சில் எழுத்துகளில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. அவை பக்கத்தில் இருக்கும்வரை கண் கோட்டுக்குப் போகாது. எனவே ஒரு கீதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, அடுத்த கீதத்தில் எழுதாமல் முயலுங்கள்.

ஸ்வரத்தைத் தொடுவதற்கு முன் நேரத்தை மட்டும் தனியாகப் படிக்க வேண்டும். நேரத்தைக் காட்டும் ஸ்வரக் குறிகளில் மினிமுக்கு இரண்டு எண்ணிக்கை, கிராட்செட்டுக்கு ஒன்று, குவேவருக்கு அரை என்று வாயால் எண்ணிக்கொண்டே கைதட்டி, ஒரு வரி தடையில்லாமல் வந்த பிறகே கிட்டாரை எடுங்கள். சோல்ஃபாவின் புள்ளிகளைக் கணக்கிட்டுப் பாடிப் பழகிய உங்களுக்கு இது விரைவில் வந்துவிடும். இணையத்தில் டேப் எடுக்கும்போது, மேலே ஐந்து கோடும் கீழே டேப்புமாகச் சேர்த்து அச்சிட்டதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் கீதத்தின் சோப்ரானோ வரியை நீங்களே ஏற்றி, அதற்கு டேப் வரியையும் சேர்த்துக்கொள்ளலாம். அது தானாகத் தரும் ஃபிரெட் எண்கள் சில இடங்களில் கைக்கு ஒவ்வாமல் இருக்கும். அங்கே முதல் மூன்று ஃபிரெட்டுகளுக்குள் வரும்படி மாற்றி எழுதிவிட்டு வாசியுங்கள்.