ஜிஎஸ்டி ரோட்டுக்கு எந்த எண்: கல்லில் இருக்கும் 45-ஆ, அரசிதழில் இருக்கும் 38-ஆ?

மைல்கல் பிரியன்

போன ஞாயிறு ஜிஎஸ்டி ரோட்டில், அதாவது சென்னையிலிருந்து திருச்சி போகும் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டில், விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரை பைக்கில் போய், ஓரத்தில் இருந்த கிலோமீட்டர் கற்களைப் படம் எடுத்தேன். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் அந்தச் சாலைக்கு 38 என்று போட்டிருந்தார்கள். கல்லில் பார்த்தபடி 45 என்று மாற்றினேன். இரண்டே நாளில் யாரோ பழையபடி 38 ஆக்கிவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

உளுந்தூர்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு கல். மஞ்சள் தலை, வெள்ளை உடம்பு. மஞ்சளில் 'என்எச் 45' (தேசிய நெடுஞ்சாலை 45), கீழே 188. பெயின்ட் உரிந்திருந்தாலும் எண் தெளிவாக இருக்கிறது. தரையில் இருப்பதைத்தான் வரைய வேண்டும் என்பது அந்த வரைபடத்தின் முதல் விதி. தரையில் இருப்பது 45.

இன்னொன்று. சென்னையில் ஏறித் திருச்சியில் இறங்கும் ஒருவர் இன்றைய கணக்குப்படி திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, அதற்குப் பிறகு 38 என்று மூன்று சாலைகளில் போகிறார். பஸ் ஒன்றுதான், ரோடு ஒன்றுதான். எண் மட்டும் எதற்கு மூன்று?

நாலுவழி

திருப்பி மாற்றியது நான்தான். காரணத்தை அப்போதே எழுதியிருக்க வேண்டும், எழுதாதது என் தவறு. இப்போது சொல்கிறேன்.

2010-இல் நாடு முழுக்க தேசிய நெடுஞ்சாலை எண்களை மாற்றினார்கள். பழைய எண்கள் காலியாகக் கிடக்கவில்லை, வேறு சாலைகளுக்குப் போய்விட்டன. இன்று என்எச் 45 மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் வழியாகப் போகிறது. சென்னை–பெங்களூரு ரோட்டுக்கு இருந்த 4 இப்போது அந்தமானில் இருக்கிறது. நம் மாநிலத்துக்குள்ளேயே பாருங்கள்: அந்தக் காலத்து 66 கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போனது. இன்றைய 66 மும்பைப் பக்கம் பன்வேலில் கிளம்பி மேற்குக் கடற்கரையோரமாகக் கன்னியாகுமரி வருகிறது. கல்லைப் பார்த்து ஆளாளுக்குப் பழைய எண் போட்டால் ஒரே மாநிலத்தில் இரண்டு 66 வந்துவிடும். வழி தேடுகிறவர் என்ன செய்வார்?

புதிய எண்ணில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. கிழக்கு மேற்காக ஓடுபவை ஒற்றைப்படை, வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். கிருஷ்ணகிரி–திண்டிவனம் 77, சேலம்–உளுந்தூர்பேட்டை 79, கோவை–கரூர்–திருச்சி–சிதம்பரம் 81, கோவை–திண்டுக்கல்–நாகப்பட்டினம் 83, கொச்சி–மதுரை–தொண்டி 85, ராமேஸ்வரம் போவது 87. மாடிப்படி இறங்குவது போல இருக்கிறது. வடக்கு தெற்காகப் போகிறவை இரட்டைப்படை: கிழக்குக் கரையில் 32, அடுத்து 38, நடுவில் 44, மேற்குக் கரையில் 66. எண்ணைக் கேட்டதுமே சாலை எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

மைல்கல் பிரியன்

ஒழுங்கு பழையதிலும் இருந்தது நண்பரே. 45-இன் பிள்ளைகள்தான் 45ஏ, 45பி, 45சி. திருச்சியில் பிரிந்து மதுரை, தூத்துக்குடி போவது 45பி என்றால், தாய்ச்சாலை எது என்று குழந்தைக்கும் தெரியும்.

நாலுவழி

132 யாருடைய பிள்ளை? முதல் இலக்கத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள், 32-இன் பிள்ளை. அந்த உறவு புதிய முறையிலும் இருக்கிறது.

செஞ்சி ரோடு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு வருடம் முன்பு திருச்சி–மதுரை ரோட்டில் துவரங்குறிச்சி தாண்டி என் கார் நின்றுவிட்டது. ராத்திரி பதினொன்றரை மணி. கூட அம்மாவும் இருந்தார். இழுவை வண்டிக்குப் போன் போட்டேன். எந்த ரோடு, எத்தனையாவது கிலோமீட்டர் என்று கேட்டார்கள். டார்ச் அடித்துக் கல்லைப் பார்த்து 45பி என்று சொன்னேன். எதிர்முனையில் பேசிய பையனுக்கு 38 என்றால்தான் தெரியும். இரண்டும் ஒரே ரோடு என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வண்டி வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது.

அதனால் எனக்கு இது பொழுதுபோக்கு விவாதம் இல்லை. எந்த எண்ணைப் போட்டுத் தேடினாலும் அந்த ரோடு வர வேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை.

நாலுவழி

அம்மாவோடு அந்த நேரத்தில் நின்றது கொடுமைதான். நீங்கள் கேட்பதற்கு வழி இருக்கிறது. ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் சாலை எண்ணுக்கு ஒரு கட்டம், பழைய எண்ணுக்குத் தனியாக ஒரு கட்டம். 45-ஐ அந்த இரண்டாவது கட்டத்தில் எழுதினால் யாரும் அழிக்க மாட்டார்கள்.

மைல்கல் பிரியன்

அந்தக் கட்டம் எனக்கும் தெரியும். வரைபடத்தைத் திறந்தால் அது கண்ணில் படாது, தரவுக்குள் நுழைந்து தேடினால்தான் கிடைக்கும். நடுராத்திரியில் ரோட்டோரம் நிற்கிறவர் அதைச் செய்வாரா?

கிலோமீட்டர் கணக்குக்கும் இன்னும் பதில் வரவில்லை. நான் பார்த்த கல்லில் இருக்கும் 188 சென்னையிலிருந்து எண்ணியது. 38 தொடங்குவதோ வேலூரில். '38-ஆம் சாலை, 188-ஆவது கிலோமீட்டர்' என்று ஒருவர் சொன்னால் அது எந்த இடம்? 188 என்ற எண் 45-ஓடு சேர்ந்தால்தான் ஓர் இடத்தைக் காட்டும். எண்ணை மாற்றியவர்கள் கல்லை மாற்றாதவரை இந்தச் சிக்கல் தீராது.

பத்திர வாசகன்

நான் நிலப் பத்திரங்கள் பார்ப்பவன். எல்லை சொல்லும் இடத்தில் 'என்எச் 45-க்கு மேற்கு' என்று எழுதிய கிரயப் பத்திரங்கள் நிறைய வரும். அதற்கும் முந்தைய பத்திரங்களில் ஜிஎஸ்டி ரோடு, டிரங்க் ரோடு என்று மட்டும் இருக்கும். ஆகவே 45-ஐ ஆதி எண் போலப் பேச வேண்டாம், அதுவும் நடுவில் வந்ததுதான்.

பழைய தடம் வேண்டுமென்றால் ஒன்று செய்யுங்கள். 1950-களில் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட, இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு அளவிலான வரைபடத் தாள்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் கிடைக்கின்றன. பைபாஸ்கள் வராத காலம், செங்கல்பட்டு, விழுப்புரம் எல்லாம் ரோடு ஊருக்குள்ளேயே போகும். இன்றைய படத்தின் மேல் அதை வைத்துப் பார்த்தால், ஊருக்குள் எந்தத் தெரு ஒரு காலத்தில் நெடுஞ்சாலையாக இருந்தது என்று தெரிந்துவிடும்.

நாலுவழி

கிலோமீட்டர் விஷயத்தில் மைல்கல் பிரியன் சொல்வது சரி. அதை நான் யோசிக்கவில்லை.

அப்படியானால் கல்லைத் தனிப் புள்ளியாகப் போடுவோம். மைல்கல்லுக்கு என்றே அங்கே ஒரு வகை உண்டு, தூரம் எழுதவும் இடம் உண்டு. சாலைக் கோட்டுக்கு 38, கல்லின் புள்ளிக்கு 45, 188. கல் சொல்வதைக் கல்லில் எழுதுவோம், அரசிதழ் சொல்வதைக் கோட்டில் எழுதுவோம். ஆனால் கோட்டில் 45 போட்டால் மறுபடியும் மாற்றுவேன், இதில் நான் இறங்கி வரமாட்டேன். வேறு நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கவும் வேண்டாம். நாமே எடுத்த படம் மட்டும் போதும்.

மைல்கல் பிரியன்

கோடு பற்றி என் கருத்து மாறவில்லை. மூன்று எண்ணாக உடைத்தது தவறு என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் புள்ளி யோசனை நன்றாக இருக்கிறது. இன்று ராத்திரியே 23 கற்களை ஏற்றுகிறேன், கோட்டில் பழைய எண் கட்டத்தையும் நிரப்பிவிடுகிறேன். செஞ்சி ரோடு, துவரங்குறிச்சிப் பக்கம் போனால் அந்த 45பி கல்லைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

ஒரு சந்தேகம். விழுப்புரத்துக்குள் நுழையும் பழைய ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு கருங்கல் பாதி புதைந்து கிடக்கிறது. பெயின்ட் கிடையாது, உளியால் கொத்திய ஆங்கில எழுத்து. 'மதராஸ் 96' என்பது வரை படிக்க முடிந்தது, 96 மைலாகத்தான் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி மண்ணுக்குள் போகிறது. இதற்கு எந்தச் சாலை எண்ணைப் போடுவது?

நாலுவழி

எண்ணே போடாதீர்கள். இருக்கும் எழுத்தை அப்படியே பதியுங்கள். வருகிற ஞாயிறு நானும் வருகிறேன். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு பெஞ்சை நகர்த்துவோம். ஒரு சாக்பீஸும் பழைய பிரஷ்ஷும் கொண்டு வாருங்கள், கீழே உள்ள வரியையும் படித்துவிடலாம்.