அங்கமே இல்லாத அமீபா எப்படி அங்கி?

களுவாஞ்சிகுடி அம்மா:
மகள் தரம் 8. நேற்று இரவு விஞ்ஞானப் புத்தகத்தோட வந்து, "அங்கி எண்டா சேர்ச்சில பாதர் போடுற உடுப்புத்தானே, அமீபாவை ஏன் தனிக்கல அங்கி எண்டு சொல்ற?" எண்டு கேட்டா. அங்கம் உள்ளதுதான் அங்கி எண்டு சொன்னன். "அதுக்குக் கையுமில்ல, காலுமில்லையே" எண்டுட்டா. யூடியூப்ல தமிழ்நாட்டு ஆக்கள் 'ஒரு செல் உயிரி' எண்டுறாங்க. சோதினைக்கு எதை எழுதுற?

கல்லடி, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்:
தங்கச்சி, ரெண்டும் ஒண்டுதான். சோதினைக்குப் புத்தகத்துச் சொல்லையே எழுதட்டும். ஆனா மகளின்ர கேள்வியை விட்டிராதீங்க. 31 வருசம் படிப்பிச்ச எனக்கிட்ட ஒரு பிள்ளையும் இதைக் கேட்கல்ல.

அங்கம் கலத்துக்கு உள்ளுக்க கிடக்கு. அதுக்குப் பேர்தான் புன்னங்கம், சின்னஞ்சிறு அங்கம். அமீபா மாதிரி இன்னொரு தனிக்கல அங்கி, பரமேசியத்தை எடுங்க. குளத்துத் தண்ணி அதின்ர உடம்புக்குள்ள ஊறிக்கொண்டே இருக்கும். சுருங்கத்தக்க புன்வெற்றிடம் எண்ட புன்னங்கம், ஒரு சின்னப் பை மாதிரி, அதை நிரப்பி நிரப்பி வெளிய தள்ளும். தள்ளாட்டி கலம் வீங்கி வெடிச்சிரும்.

காட்டினாத்தான் பிள்ளைக்கு விளங்கும். ஒரு பிடி வைக்கோலை வெட்டி அவிச்சு, ஆறவிட்டு, குளத்துத் தண்ணி கொஞ்சம் ஊத்தி ஒரு கிழமை வையுங்க. முதல்ல பற்றீரியா பெருகித் தண்ணி கலங்கும். அதைத் தின்னப் பரமேசியம் பெருகும். நீளம் கால் மில்லிமீற்றர் அளவுதான். வெளிச்சத்துக்கு நேர பிடிச்சா வெள்ளைப் புள்ளியா ஓடும். நுணுக்குக்காட்டியில செருப்பு வடிவம், சுத்திவர பிசிர். அந்தப் புன்வெற்றிடம் நட்சத்திரமா விரிஞ்சு ஒடுங்கினதை முதல்முறை பார்த்த அண்டைக்கு, பாட மணி அடிச்சதே எனக்குக் கேட்கல்ல.

அக்கரைப்பற்று உம்மா:
சேர் சொன்னதோட இதையும் சொல்லிக் குடுங்க. அப்ப மாவுக்கு நாங்க போடுற ஈஸ்ட், புத்தகத்துல மதுவம், அதுவும் தனிக்கலம்தான். காளானும் அதுவும் ஒரே பங்கசுக் கூட்டம், ஆனா காளான் பல்கலம். மதுவம் அரும்பு விட்டுப் பெருகும். வெதுவெதுப்பான தண்ணியில சீனியோட கரைச்சு வச்சா நுரை பொங்கும், அது விடுற காபனீரொட்சைட்டு. என்ட மகனுக்கு அடுப்படியிலதான் அந்தப் பாடம் விளங்கின.

களுவாஞ்சிகுடி அம்மா:
சேர், இண்டைக்கு ஏழாம் நாள். மேல ஆடை படிஞ்சிருக்கு, அதுக்குக் கீழ புள்ளிகள் ஓடுது. மகள் ஜாம் போத்தல்ல பேப்பர் ஒட்டி எழுதியிருக்கா: "அங்கிகள் இருக்கு. ஊத்திராதீங்க."